மீட்டர் தேடிய தப்பு

அந்தப் பட்டறையில் மீட்டர் என்றால் கருவி இல்லை, ஆள். கரண்ட் பார்க்கிற மீட்டர் எந்நேரமும் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் ஆளுக்கும் அதே பேர் ஆகிவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் சுவிட்ச், சென்சார் என்று ஏதாவது வந்தால் முதலாளியம்மா வேறு யாரையும் கிட்டே நெருங்க விடமாட்டார். மீட்டருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. தன் வேலையில் தப்பு நடந்ததாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வண்டிக்காரர் திரும்பி வந்து நின்றால், "நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்பார். அது எடுபடாவிட்டால் பெட்ரோல் சரியில்லை என்பார். அதுவும் எடுபடாவிட்டால் ரோடு சரியில்லை என்பார். ரோடு வந்து மறுத்துப் பேசாது அல்லவா.

அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை ஒரு வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "என் தப்பா இருக்கணும், என் தப்பா மட்டுந்தான் இருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் அதைக் கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"என்னய்யா, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

"எங்க அக்கா வண்டி" என்றார் மீட்டர்.

வண்டியின் பின்பக்கம் நன்றாக உள்ளே போயிருந்தது. பம்பர் ஒரு காதில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பது அக்காவின் தொழில். போன வாரம் ஒரு காலை, எப்போதும்போல வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினை ஓடவிட்டு, இறங்கிப்போய் முன்னால் கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். வண்டி தானாகப் பின்னால் கிளம்பிவிட்டது. சுவரோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் சத்தம் கேட்டு எகிறிக் குதித்தார். அவர் தப்பித்தார். நாற்காலி சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அப்பளமாக நொறுங்கியது. அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து இன்ஜினை நிறுத்தும்போது ஸ்டீயரிங்குக்கு முன்னால் ரிவர்ஸ் எழுத்து எரிந்துகொண்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

"நான் பார்க்லதான் போட்டேன்" என்றாள் அக்கா. வண்டியை நிறுத்திவைக்கும்போது லிவரைப் போடும் இடம் அதுதான், பார்க். அங்கே போட்டுவிட்டால் வண்டி இம்மியும் நகரக் கூடாது.

அத்தான் கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. "பரவாயில்லம்மா, விடு" என்றார். அதோடு சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்தால், இவர் சத்தமில்லாமல் உள்ளே போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அது அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. மூளை டாக்டரிடம் நேரமும் வாங்கி வைத்துவிட்டார்.

ஏனென்றால் அக்காவைப் பெற்ற அம்மாவுக்கு மறதி இந்த வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் வீட்டைப் பூட்ட மறந்தாள். கடைசியில் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த அக்காவையே நிமிர்ந்து பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா? ரொம்ப நல்லா வாருறே" என்று கேட்டாள். கேட்ட அன்றைக்கு அக்கா அழவில்லை. இப்போதுதான் அழுதாள், போனில், மீட்டரிடம்.

"தம்பி, எனக்கும் ஆரம்பிச்சிருச்சுடா."

ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்த மீட்டருக்கு விடியும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வண்டியில் மூன்று மாதத்துக்கு முன் கியர் சுவிட்சை மாற்றிப்போட்டதே அவர்தான். அந்த வேலையில் ஏதாவது கோளாறு இருந்தால்? அக்கா பார்க்கில்தான் போட்டிருப்பாள், வண்டிதான் ஏமாற்றியிருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டது, தன் வேலை சொதப்பலாக இருக்க வேண்டும் என்றுதான்.

முதலில் ஸ்கேனரை மாட்டினார். வண்டியின் கம்ப்யூட்டர் ஏதாவது குறை சொல்கிறதா என்று பார்க்கத்தான். அது ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு லிவரை ஒவ்வோர் இடமாக நகர்த்திச் சாவியைத் திருப்பினார். பார்க்கில் ஸ்டார்ட் ஆனது. நியூட்ரலில் ஆனது. ரிவர்ஸில் வைத்துத் திருப்பினால் மூச்சு விடவில்லை. முன்னே போகும் டிரைவில் வைத்தும் அப்படியே. வேறு நாளாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்திருப்பார். அன்று, "ஆகித் தொலையேன், சனியனே" என்றார்.

பிரேக்கை விட்டுவிட்டு லிவரை இழுத்தார். பிரேக் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்ததால் லிவர் வர மறுத்தது. ரிவர்ஸில் மட்டும் பின்விளக்கு எரிந்தது, மற்றபடி அணைந்திருந்தது. வேகத்தைச் சொல்லும் சென்சாரைச் சோதித்தார், அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டது.

வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் போனார். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு அந்தச் சுவிட்ச் இருந்தது. மேலே லிவரை அசைத்தால் ஒரு கேபிள் கீழே வந்து கியர்பாக்ஸின் கை என்கிற சின்ன இரும்புத் துண்டை அசைக்கும். அந்தக் கை எங்கே நிற்கிறது என்று வண்டிக்குச் சொல்வதுதான் சுவிட்சின் வேலை. அது ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் போதும், தப்பான சேதியைச் சொல்லும். அந்த மயிரிழையைத்தான் மீட்டர் தேடினார். நியூட்ரலில் வைத்து, அந்தக் கையில் இருக்கும் துளைக்கும் சுவிட்சில் இருக்கும் துளைக்கும் நேராகக் கம்பியைச் செருகினார். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. மூன்று மாதத்துக்கு முன் எப்படி வைத்தாரோ அப்படியே நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவர் வேலை பார்த்த இடத்தில் எல்லாம் மஞ்சள் பெயின்ட் பொட்டு. முடுக்கிய நட்டுக்கு ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். பொட்டு இருந்தால் அந்த நட்டை மறுபடி தொடவேண்டியதில்லை என்று பட்டறை முழுக்கத் தெரியும்.

கம்பியை உருவிவிட்டு, தரையில் கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார் டிங்கர். "அதுக்கு ஏன்யா எழவு வீட்டுக்காரன் மாதிரி உக்காந்திருக்கே?"

மீட்டர் விஷயத்தைச் சொன்னார். டிங்கர் வாயாடிதான், ஆனால் எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவர். டீயை ஆற்றி மீட்டர் கையில் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டே இருக்கேன்க்கா."

"ஒண்ணும் இல்லைதானே?"

கோளாறு இருக்கிறது என்று பொய் சொல்ல மீட்டருக்கு வாய் வந்தது. ஆனால் பொய் சொன்னால் அவள் மறுபடி வண்டியை எடுப்பாள், நாளைக்கு நாற்காலியில் அத்தான் இருப்பார்.

"இன்னும் முடியலக்கா."

"இழுக்காதடா. உன் குரல்லயே தெரியுது. நீ போட்ட சுவிட்ச் தப்பாகுமா? எனக்குத்தான் கழண்டுபோச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் இவ்வளவு பெரிய பாராட்டை அவருக்குக் கொடுத்ததே இல்லை. அதை வாங்கிக்கொண்டு மீட்டர் வண்டிக்கு அடியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. லிவரைப் பார்க்கில் வைத்துவிட்டு, சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, கழுத்தில் தொங்கிய கருவியின் இரண்டு கிளிப்புகளைப் பார்க்குக்கு உண்டான கம்பிகளில் மாட்டினார். தொடர்பு இருக்கும்வரை கருவி கூவும். கூவியது. நிற்காமல் ஒரே சீராகக் கூவியது. அந்தச் சத்தம் காதைத் துளைத்தாலும் அணைக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டுத் தலையில் கைவைத்து நின்றார்.

"நான் பம்பரைக் கழட்டிக்கட்டுமா?" என்று கேட்டார் டிங்கர். "சும்மா நிக்கிற வண்டி. மேல ஏத்தியும் வச்சிருக்கே, எனக்கும் வசதி."

"என்னமோ பண்ணு."

டிங்கர் பின்பக்கம் போய், வளைந்த பட்டையில் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தார். இன்னொன்று வைத்தார். மூன்றாவது அடிக்குக் கருவியின் கூவல் வெடுக்கென்று நின்றது.

மீட்டர் தலையிலிருந்து கையை எடுத்தார். கிளிப் கழன்றுவிட்டதோ என்று பார்த்தார். கழலவில்லை.

"நிறுத்தாதே! அடி!"

"என்னாது?"

"அடிய்யா! இன்னும் ஓங்கி அடி!"

டிங்கருக்கு யாரும் இதுவரை இப்படி உற்சாகம் கொடுத்ததில்லை. அவர் வஞ்சகம் இல்லாமல் அடித்தார். மீட்டர் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வோர் அடிக்கும் கியர்பாக்ஸின் கை, பார்க்கை விட்டு ரிவர்ஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. கேபிள் தன் இடத்திலேயே இருந்தது, கை மட்டும் அதை விட்டு வழுக்கியது. கடைசி அடியில் டக்கென்று ரிவர்ஸில் போய் உட்கார்ந்தது.

"லிவர் எங்க நிக்குது, எட்டிப் பாரு!"

டிங்கர் எக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பார்க்லதான் நிக்குது."

கேபிளைக் கையோடு இறுக்கிப் பிடிக்கும் நட்டில் மீட்டர் விரலை வைத்தார். ஸ்பானர் தேவைப்படவில்லை, விரலுக்கே சுற்றியது. அதன் தலையில் அழகாக, வட்டம் பிசகாமல், ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அன்று இந்த நட்டை விரலால் சுற்றி நிறுத்திவிட்டு, கடைசியில் முடுக்கலாம் என்று விட்டிருக்கிறார். மற்ற நட்டுகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், பேச்சு சுவாரஸ்யத்தில் இதற்கும் வைத்துவிட்டார். சுவிட்சின் மயிரிழையை அன்றும் பார்த்தார், இன்றும் பார்த்தார். பொட்டு வைத்த நட்டை மட்டும், பொட்டு இருக்கிறதே என்று, இரண்டு நாளும் தொடவில்லை. மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, அக்கா இறங்கிப்போன நேரத்தில் இன்ஜின் அதிர அதிர அது வழுக்கியிருக்கிறது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போது லிவரைக் கடைசிவரை இழுத்துத் தள்ளியதில் கை பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறது, அதனால்தான் காலையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

"என் தப்பு!" என்று மீட்டர் கத்தினார். "ஐயோ, என் தப்பேதான்!"

கத்தியபடியே டிங்கரைக் கட்டிப்பிடித்தார். முதலாளியம்மா ஆபீஸ் அறையிலிருந்து தலையை நீட்டினார். "என்ன ஆச்சு?"

"நட்டை முடுக்காம விட்டுட்டேன்மா! நானேதான்!"

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கறீங்க?" என்றவர், விஷயம் தெரிந்தபின் அவரும் சிரித்து, அப்புறம் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "இனிமே பொட்டு வச்ச நட்டையும் இன்னொருத்தர் தொட்டுப் பாக்கணும்" என்று உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போனார்.

மீட்டர் வரச் சொன்னதும் அக்காவும் அத்தானும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அத்தான் அக்காவின் முழங்கையைப் பிடித்து, உடைந்துபோகிற சாமானைக் கொண்டுவருவது போலக் கூட்டி வந்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மீட்டர் நட்டைக் காட்டினார், கேபிளைக் காட்டினார், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அத்தானின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அக்கா மட்டும் அசையவில்லை.

"பொய் சொல்றே" என்றாள்.

"அக்கா, சத்தியமா..."

"பிறந்ததுலேருந்து நீ ஒரு தப்பை ஒத்துக்கிட்டதில்ல. கையும் களவுமா பிடிச்சாலும் ஒத்துக்க மாட்டே. இன்னிக்கு நான் கேக்காமலே ஒத்துக்கறே. எனக்காகத்தான் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறே. அந்த நட்டை இப்பதான் கழட்டி வச்சிருப்பே."

ஆயுசு முழுக்கச் சேர்த்துவைத்த தலைக்கனம் இந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிடும் என்று மீட்டர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, நான் சொல்ல வேண்டாம். நீயே பாரு" என்றார். அவர் திரும்பிக் கேட்டது அத்தானை. "அன்னிக்கு இன்ஜினை நிறுத்திட்டுச் சாவியை எடுத்தீங்களே அத்தான், எடுக்கறதுக்கு முன்னாடி லிவரைத் தள்ளினீங்களா?"

"லிவரையா? இல்லையே... திருப்பினேன், எடுத்தேன், அவ்வளவுதான்."

"லிவர் பார்க்ல இருந்தாத்தான் சாவி கையோட வரும். ரிவர்ஸ்ல இருந்தா வராது."

அத்தான் யோசித்தார். "தள்ளியிருப்பேனோ? ஞாபகம் இல்லையேப்பா."

"அப்ப டாக்டர்கிட்ட நீங்களும் வாங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். ஒரு வாரத்தில் அவள் பேசிய முதல் கிண்டல் அது.

மீட்டர் சுவிட்சின் இணைப்பை மாட்டி, கியர்பாக்ஸின் கையைப் பழைய இடத்துக்குத் தள்ளி, நட்டை அப்படியே தளர்வாக விட்டார். சக்கரம் தரையைத் தொடாத உயரத்தில் வண்டியை இறக்கி நிறுத்தினார். லிவர் பார்க்கில் இருப்பதை அக்கா எட்டிப் பார்த்துத் தொட்டுக்கொண்டாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. முன்சக்கரங்கள் அசையாமல் தொங்கின. எல்லோரும் விலகி நின்றார்கள். இன்ஜின் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டிங்கர் சுத்தியலை எடுக்கப் போனார், மீட்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தட்டிக் காட்டினால் அதையும் அக்கா வித்தை என்பாள்.

யாரும் தொடவில்லை. அடியில் டக்கென்று ஒரு சின்னச் சத்தம். சக்கரங்கள் ஒரு குலுக்கலோடு பின்னோக்கிச் சுழல ஆரம்பித்தன. முன்னால் ரிவர்ஸ் எழுத்து எரிந்தது. லிவர் அக்கா தொட்டு வைத்த இடத்தில், பார்க்கிலேயே நின்றது.

அக்கா சக்கரத்தைப் பார்த்தாள், லிவரைப் பார்த்தாள், மறுபடி சக்கரத்தைப் பார்த்தாள். மீட்டர் கையை நீட்டி இன்ஜினை நிறுத்தினார்.

"நான் பார்க்லதான் போட்டேன்" என்றாள். யாரிடமும் வாதாடுகிற குரலில் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"ஆமாக்கா."

"எனக்கு ஒண்ணும் ஆகலை."

"ஆகலைக்கா."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். விட்ட கையோடு மீட்டரின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். கழுத்தில் தொங்கிய மீட்டர் எகிறி அவர் தாடையில் மோதியது.

"அறிவு இருக்காடா உனக்கு? ஒரு நட்டு! ஒரு நட்டை முடுக்கத் துப்பில்ல! ஒரு வாரமா நான் அடுப்பு முன்னாடி நின்னு, அணைச்சேனா அணைக்கலையான்னு பைத்தியக்காரி மாதிரி புலம்பிட்டிருக்கேன்! நீ இப்படிப் பண்றது இன்னிக்கு நேத்தா? நாலாங்கிளாஸ்ல அப்பாவோட கைக்கடிகாரத்தைப் பிரிச்சுப்போட்டே. மாட்டினப்போ ஒரு சக்கரம் மிஞ்சிப்போச்சு. அதை என் பென்சில் டப்பாவுல போட்டுட்டு, நான்தான் பிரிச்சேன்னு சொல்லி எனக்கு அடி வாங்கிக் கொடுத்தே. பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தே, மேல் பட்டன் இல்லாம."

சக்கரத்தை எங்கே போட்டோம் என்பதை மீட்டரே மறந்து பல காலம் ஆகியிருந்தது.

"என் பரீட்சைக்கு முதல் நாள் ஃபேன் வேகமா சுத்தட்டும்னு ஒயரை மாத்திக் கொடுத்தே. தெருவுக்கே கரண்ட் போச்சு. எதிர்வீட்டு வாத்தியார் டார்ச்சோட வந்து கேட்டதுக்கு, அணில் கடிச்சிருச்சுன்னு சொன்னே. இவரு முதன்முதலா நம்ம வீட்டுக்கு வந்தப்போ காலிங்பெல்லைச் சரிபண்ணி வச்சிருந்தே. தொட்டதும் தூக்கி அடிச்சுது இவரை!"

"ஆமா, அடிச்சுது" என்றார் அத்தான். "நான்கூட அது உங்க வீட்டு வழக்கமோன்னு நினைச்சேன்." அவர் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய், டாக்டரம்மாவிடம் நேரம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா நிறுத்துவதாக இல்லை. இஸ்திரிப்பெட்டி வந்தது, பெரியப்பா வீட்டு ரேடியோ வந்தது, அந்த ரேடியோவில் அப்போது என்ன பாடிக்கொண்டிருந்தது என்பதும் வந்தது. நாள், கிழமை, யார் யார் கூட இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் எல்லாம் வந்துகொண்டே இருந்தது. டிங்கர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ஒரு விஷயம்கூட மிச்சம் வைக்காமல், ஒரு சட்டைப் பட்டனைக்கூடத் தவறவிடாமல் அவள் அவரைத் திட்டித் தீர்த்தாள். மீட்டர் பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

கடைசியில் அவளுக்கே மூச்சு வாங்கியது. டிங்கர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டார் மீட்டர்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள்.

"இல்லாமப் போகுமா? அஞ்சாங்கிளாஸுக்கே இன்னும் வரலையே."